சத்தம் இல்லாம அழுத பவளம்

ஒரு ஊர்ல ஒரு அரிசி மில்லு இருந்துச்சு. ம் சொல்லு, அப்பத்தான் பெரியம்மா சொல்வேன்.

"ம்."

அப்படித்தான். ஊரு காவேரிக்கரையில. வாய்க்கால்மேடுன்னு பேரு. மில்லு வர்றதுக்கு முன்னாடி அந்த ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் உரல்ல நெல்லக் கொட்டி, தொப்பு தொப்புன்னு உலக்கையால குத்துவாங்க. கை காய்ச்சுப் போயிடும். அரிசி வெள்ளையா வராது. லேசா செவப்பா, பழுப்பா, மேல ஒரு மெல்லிசுத் தோலோட வரும். அதைத்தான் பொங்கித் தின்னாங்க. அப்புறம் நாகலிங்கம்னு ஒருத்தன், தன் நெலத்துல பாதிய வித்து மில்லு வச்சான். டபடபடபடபன்னு எஞ்சின் ஓடும். ஒரு பக்கம் உமி பறக்கும். ஒரு பக்கம் தவிடு புசுபுசுன்னு வந்து குமியும். முன்பக்கமா அரிசி சலசலன்னு கொட்டும்.

ஒரு தடவை தீட்டினா அரிசியோட செவப்பு போகும். ரெண்டாந்தடவை தீட்டினா வெளுக்கும். மூணாந்தடவையும் தீட்டினா மல்லி மொட்டு மாதிரி ஆயிடும், வெயில்ல வச்சா கண்ணு கூசும். அந்த மூணாந்தடவை அரிசிதான் நாகலிங்கம் வீட்டுக்குப் போகும். தவிட்டை மாட்டுக்காரங்க அள்ளிக்கிட்டுப் போவாங்க. சரியா?

"ம்."

அந்த நாகலிங்கத்துக்கு வாக்கப்பட்டு வந்தவதான் அஞ்சுகம். அவ பொறந்த ஊரு தண்ணி இல்லாத மேட்டுக்காடு. அங்க கேப்பக்களியும் கம்பங்கூழும்தான் சாப்பாடு. நெல்லுச்சோறு தீவாளி பொங்கலுக்குத்தான். அதனால கல்யாணமாகி வந்த அன்னைக்கு, எலையில அந்தச் சோத்தைப் போட்டதும், அவ கைய வைக்காம கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. பருக்கை பருக்கையா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, அவ்வளவு வெள்ள. "என்னம்மா பாக்குற, சாப்பிடு"ன்னு மாமியார் சொன்னதுக்கப்புறம்தான் தொட்டா.

மாமியார் பேரு தையல்நாயகி. பொல்லாதவ இல்ல. ஆனா பயந்தவ. அவளோட மொதக் குழந்தை, கைக்குழந்தையா இருக்கும்போதே பேதியாகிச் செத்துப் போச்சு. எதைத் தின்னதால, யாரு என்ன குடுத்ததாலன்னு அவளுக்குக் கடைசி வரைக்கும் தெரியவே இல்ல. அதுலருந்து, பச்சப்புள்ள இருக்குற வீட்டுல எதைப் பாத்தாலும் அவளுக்குப் பயம்.

அப்போ அஞ்சுகத்துக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. பவளம்னு பேரு வச்சாங்க. பொறந்தப்ப அது போட்ட சத்தம் இருக்கே, வீல்னு கத்தினதுல கூரையில இருந்த புறா எல்லாம் படபடன்னு பறந்துடுச்சாம். நாகலிங்கம் மில்லுலருந்து ஓடியாந்தான். "எஞ்சினை விடப் பெரிய சத்தமா இருக்கே"ன்னு சிரிச்சான்.

புள்ள பெத்தவளுக்குப் பத்தியம் உண்டில்லையா? தையல்நாயகி அதுல ரொம்பக் கண்டிப்பு. மூணு வேளையும் அந்த வெள்ளச் சோறு, தண்ணியா ஒரு மிளகு ரசம், சுட்ட அப்பளம். வேற ஒண்ணும் கெடையாது.

அஞ்சுகம் ஒரு நாளு கேட்டா, "அத்தை, கொஞ்சம் பருப்பு கடைஞ்சு போட்டுக்கவா?"

"பருப்பு வாயு. புள்ளைக்கு வயித்த வலிக்கும்."

"முருங்கக்கீரை?"

"கீரை தின்னா புள்ளைக்குச் செரிக்காம மாந்தம் வரும்."

"ஒரு முட்டையாச்சும்?"

"சூடு. பால் கெட்டுப் போகும். பல்லக் கடிச்சுக்கிட்டு இரு தாயி, புள்ள தலை நிக்கிற வரைக்கும்தான்."

அதுக்கு மேல அஞ்சுகம் கேக்கல. அவளுக்கும் புள்ள நல்லா இருந்தாப் போதும். ஒரு மாசம் போச்சு. அப்புறம் ரெண்டாவது மாசமும் போச்சு. பத்தியம் மட்டும் போகல.

அப்போதான் அவ காலு ஒரு மாதிரி ஆச்சு. பாதத்துல எறும்பு ஊறுற மாதிரி சுர்ருசுர்ருன்னு இருக்கும். குனிஞ்சு பாத்தா எறும்பு இருக்காது. ஒரு நாளு செருப்பு நழுவிப் போனது தெரியாமலே கெணத்தடி வரைக்கும் நடந்து போயிட்டா. கெண்டைக்கால் ரெண்டும் ஈர மணல் மூட்டை மாதிரி கனக்கும். புள்ள பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்னு அவளே நெனச்சுக்கிட்டா.

தூங்கிட்டியா?

"இல்ல. கோழி வருமா?"

வரும், வரும். இப்பத்தான் வரப்போவுது. உனக்கெப்படித் தெரியும் கோழி வரும்னு?

"நீங்க சாயங்காலம் சொன்னீங்கல்ல."

சொன்னேனா? சரி. அஞ்சுகம் தாய்வீட்டுலருந்து ஒரு செவலக்கோழி கொண்டாந்திருந்தா. கீரிப்புள்ள தூக்கிட்டுப் போயிடும்னு அதைப் பஞ்சாரக் கூடைக்குள்ளயே போட்டுக் கவுத்து வச்சிருப்பா. அவ தட்டுல மிச்சமாகுற வெள்ளச் சோறுதான் அதுக்கும் தீனி. ஒரு நாளு பஞ்சாரத்தத் தூக்குனா, கோழி நிக்க முடியாம தள்ளாடுது. ரெண்டு எட்டு வச்சு தொபுக்குன்னு விழுது. கழுத்து பின்னால வளைஞ்சு, மூக்கு வானத்தைப் பாக்குது. தையல்நாயகி, "சீக்குக்கோழி, கொண்டு போய் வெளிய போடு"ன்னுட்டா. அஞ்சுகத்துக்குக் கழுத்தைத் திருக மனசு வரல. மில்லுக்குப் பின்னாடி தவிட்டுக் குமியல் ஓரமா நெழல்ல போட்டுட்டு வந்துட்டா.

கொஞ்ச நாளு கழிச்சு அந்தப் பக்கம் போனா, அந்தச் செவலக்கோழி தவிட்டுக் குமியல் மேல ஏறி நிக்குது. நேரா நிக்குது. கொக்கொக்கொக்குன்னு தவிட்டைக் கெளறிக் கெளறித் தின்னுது. கிட்டப் போனதும் எறக்கைய அடிச்சுக்கிட்டு ஓடுது. செத்துப் போச்சுன்னு விட்ட கோழி. அஞ்சுகம் அங்கயே நின்னு பாத்தா. என்னமோ ஆச்சரியமா இருந்துச்சு. ஆனா எதனாலன்னு அவ யோசிக்கல. யோசிக்கிற நெலமையிலயும் அவ இல்ல. ஏன்னா அன்னைக்குத்தான் பவளம் குடிச்ச பாலைக் கக்க ஆரம்பிச்சுச்சு.

மொதல்ல கக்கல். அப்புறம் தொண்டை கட்டின மாதிரி கரகரப்பு. அப்புறம் ஒரு நாளு காலையில தூளி ஆடுதேன்னு அஞ்சுகம் போய்ப் பாக்குறா. குழந்தை அழுவுது. வாயத் தெறந்திருக்கு. மூஞ்சி செவந்து போயிருக்கு. கண்ணுலருந்து தண்ணி பொலபொலன்னு கொட்டுது. கையக் கால ஒதைக்குது. ஆனா சத்தம் இல்ல கண்ணு. ஒரு துளி சத்தம் இல்ல.

"ஏன்?"

அதான் அவளுக்கும் தெரியல. தன் காதுதான் அடைச்சுப் போச்சோன்னு நெனச்சா. அப்போ மில்லு எஞ்சின் சத்தம் கேட்டுச்சு. காக்கா கத்துறது கேட்டுச்சு. புள்ள அழுறது மட்டும் கேக்கல. அவ மாரோட சேத்து அணைச்சுக்கிட்டா. குழந்தையோட மூச்சுக் காத்து கழுத்துல பட்டுச்சு. அழுற புள்ளையோட காத்து மட்டும் வருது, குரல் வரல.

அப்புறம் என்ன, மொதல்ல கோயிலுக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க. பூசாரி வேப்பிலை அடிச்சு, திருநூறு போட்டு, கழுத்துல மஞ்சக் கயிறு கட்டினாரு. பவளம் வாயத் தெறந்துச்சு. சத்தம் வரல.

அப்புறம் பக்கத்து ஊரு வைத்தியர். வசம்பைச் சுட்டு, தேன்ல கொழைச்சு, நாக்குல தடவுனாரு. நல்ல மனுசன். நாடி பாத்துட்டு, "எனக்குப் பிடிபடல தாயி, நெஞ்சு ரொம்ப வேகமா அடிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க"ன்னு அவரே சொல்லிட்டாரு.

அப்போ மூணாவதா ஆஸ்பத்திரி. நாகலிங்கம் வில்வண்டியப் பூட்டினான். கடகட கடகடன்னு வண்டி ஓடுது. அஞ்சுகம் மடியில புள்ளையோட ஒதடு நீலம் பாரிச்சுக்கிட்டு வருது. தையல்நாயகி எதிர்ல உக்காந்து, கண்ண மூடி எதையோ முணுமுணுத்துக்கிட்டே வந்தா.

ஆஸ்பத்திரியில எஸ்தர்னு ஒரு டாக்டரம்மா. வயசானவங்க. கப்பலேறி ரங்கூன் போயி ரொம்ப வருசம் வேலை பாத்துட்டுத் திரும்பி வந்தவங்க. அவங்க புள்ளையோட நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டாங்க. குட்டிக் காலை விரலால அமுக்கினாங்க. அமுக்கின எடம் குழியாவே நின்னுச்சு. அப்புறம் புள்ளைய விட்டுட்டு, அஞ்சுகத்தைப் பாத்தாங்க.

"கீழ குந்துங்கம்மா."

அஞ்சுகம் குந்தினா.

"இப்ப கைய ஊணாம எந்திரிங்க."

எந்திரிக்க முடியல. முழங்கால் ரெண்டும் கேக்க மாட்டேங்குது. மறுபடி முயற்சி பண்ணினா, பக்கத்துல சாஞ்சுட்டா. நாகலிங்கம் திகைச்சுப் போய் நின்னான். இவ்வளவு நாளும் அவ தூணைப் பிடிச்சு, செவத்தைப் பிடிச்சு எந்திரிச்சதை அவன் பாத்ததே இல்ல.

டாக்டரம்மா கேட்டாங்க, "என்ன சாப்பிடுறீங்க?"

"சோறு."

"சோத்தோட?"

"ரசம். அப்பளம்."

"அப்புறம்?"

அஞ்சுகம் மாமியாரைப் பாத்தா. "அவ்வளவுதான்"னா.

டாக்டரம்மா நாற்காலிய அவ பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்தாங்க. "ரங்கூன்ல இந்த மாதிரி நெறையக் கொழந்தைங்களப் பாத்திருக்கேன். வாய் அழும், சத்தம் வராது. அம்மா சாப்பாட்டுல ஒரு சத்து இல்லாமப் போனா, பால்லயும் அது இல்லாமப் போயிடும். கொழந்தைக்கு வேற வழியில அது கெடைக்காது. இப்போதைக்கு உங்க பால் குடுக்க வேண்டாம். பசும்பால் குடுப்போம்."

அஞ்சுகம் புள்ளைய இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. "என் பால்ல வெசமா இருக்கு?"

"வெசம் இல்லம்மா. வெசம்னா எடுத்துடலாம். இது இல்லாததால வந்தது. இல்லாததை எங்கேருந்து எடுக்குறது? அதைக் கொண்டாந்து குடுக்கணும்."

தையல்நாயகி மெதுவாக் கேட்டா, "எதுங்க இல்ல? வயிறு நெறையத்தான் போட்டேன். ஒரு வேளை பட்டினி போடல."

"வயிறு நெறஞ்சிருக்கும்மா. சோறு வெறகு மாதிரி. அடுப்புக்கு வெறகு நெறையப் போட்டிருக்கீங்க. பத்த வைக்க ஒரு சின்ன நெருப்பு வேணுமில்ல? அது கடுகுல பாதிகூட வேண்டாம். அது இல்லன்னா வெறகு எரியாது. நெஞ்சு ஓடாது. காலு நடக்காது. தொண்டை பேசாது."

அஞ்சுகம் தன் வெரல் நுனியப் பாத்தா. கடுகுல பாதி. ஒரு மனுச உசுரு. அவளால ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கவே முடியல.

டாக்டரம்மா சொன்னாங்க, "இதுக்கு ஊசி இருக்கு. பட்டணத்துலருந்து ரயில்ல வரணும். தந்தி குடுக்குறேன். ஆனா அதுவரைக்கும் கொழந்தை தாங்கணும். அரிசி மேல இருக்குற தோல்லதான் அந்தச் சத்து இருக்கும். தீட்டும்போது போயிடும்."

அப்போ அஞ்சுகத்துக்கு அந்தக் கோழி கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. கழுத்து வளைஞ்சு விழுந்த கோழி. தவிட்டுக் குமியல் மேல நிமிந்து நின்ன கோழி. அவ தட்டுத் தடுமாறி அதைச் சொன்னா. என்ன தின்னுச்சு, எப்படி விழுந்துச்சு, எங்க போட்டா, எப்படி எந்திரிச்சுச்சு. டாக்டரம்மா அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசல. அப்புறம், "அதேதான்"னாங்க. "கோழிக்கு உசுரு குடுத்தது நம்ம கொழந்தைக்கும் குடுக்கும். புதுத் தவிடு வேணும். இன்னைக்கு அரைச்சது."

எல்லாரும் நாகலிங்கத்தைப் பாத்தாங்க. அவன் தலையக் குனிஞ்சுக்கிட்டு, "அப்ப என் அரிசிதான் என் புள்ளைய இப்படிப் பண்ணிச்சா?"ன்னு கேட்டான்.

"அரிசி மேல தப்பு இல்ல. அது ஒண்ணே போதும்னு இருந்ததுதான் தப்பு."

தையல்நாயகி சொன்னா, "மாட்டுக்குப் போடுறதுங்க அது. பச்சப்புள்ள வாயிலயா?"

அப்போ பவளம் மறுபடி அழுதுச்சு. வாயத் தெறந்து, ஒடம்பெல்லாம் நடுங்க, சத்தம் இல்லாம. தையல்நாயகி அந்தத் தெறந்த வாயையே பாத்தா. அப்புறம் மகன் பக்கம் திரும்பி, "வண்டியத் திருப்புடா. தவிட்ட நான்தான் சலிக்கணும். உனக்குச் சலிக்கத் தெரியாது"ன்னா.

கேக்குறியா?

"ம். சீக்கிரம் சொல்லுங்க."

கடகட கடகடன்னு வண்டி போச்சு. மில்லுல நாகலிங்கம் தானே எஞ்சினை ஓட்டி, தானே முழங்கால் போட்டு ரெண்டு கையாலயும் சூடு ஆறாத தவிட்டை அள்ளினான். வேலையாளுங்க எல்லாம் மொதலாளியப் பாத்துக்கிட்டு நின்னாங்க. தையல்நாயகி மாவுச் சல்லடையில சலிச்சா. கல்லு போக ஒரு தடவை, உமி போக ஒரு தடவை, அவ மனசு சமாதானம் ஆக ஒரு தடவை. துணியில முடிஞ்சுக்கிட்டு வண்டியில ஏறுனா.

ஆஸ்பத்திரி அடுப்புல தண்ணிய வச்சு, தவிட்டைப் போட்டு, குபுகுபுன்னு லேசாக் கொதிக்க விட்டு, மெல்லிசுத் துணியில வடிகட்டி, கொஞ்சம் கருப்பட்டி கரைச்சாங்க. பழுப்பா, மண்ணு வாசனையா ஒரு தண்ணி. டாக்டரம்மா பஞ்சுல நனைச்சு, பவளத்தோட ஒதட்டுல ஒரு சொட்டு. முழுங்குச்சு. இன்னொரு சொட்டு. அதையும் முழுங்குச்சு. மிச்சத் தவிட்டை வறுத்து, வெல்லம் போட்டு உருண்டை புடிச்சு, "இது உங்களுக்கு"ன்னு அஞ்சுகம் கையில குடுத்தாங்க. அவ மென்னா. தொண்டையில சொரசொரன்னு எறங்குச்சு. இதுல எங்க இருக்கு அந்த நெருப்புன்னு நாக்கால தேடித் தேடி மென்னா. ஒரு ருசியும் தெரியல. ஆனா முழுங்குனா.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து நெஞ்சுல குழாய வச்சுக் கேட்டாங்க. ரொம்ப நேரம் கேட்டாங்க. அப்புறம், "குடுத்துக்கிட்டே இருங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. ராத்திரி எப்படிப் போச்சுன்னு அஞ்சுகத்துக்குப் பின்னால யோசிச்சாலும் ஞாபகம் வரல. சொட்டு விட்டது மட்டும்தான் ஞாபகம்.

விடிஞ்சு, ஜன்னல்ல வெளிச்சம் வந்துச்சு. பவளத்தோட ஒதட்டைப் பாத்தா, நீலம் இல்ல. லேசாச் செவந்திருக்கு. அஞ்சுகம் தப்பாப் பாக்குறோமோன்னு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாத்தா. அப்போ தூக்கம் கலைஞ்ச கோவத்துல புள்ள வாயத் தெறந்துச்சு.

மொதல்ல, "க்ஹ்."

துருப்பிடிச்ச கதவு அசைஞ்ச மாதிரி ஒரு சத்தம். அஞ்சுகம் அசையாம இருந்தா.

அப்புறம், "கீ."

எலிக்குஞ்சு கத்துன மாதிரி.

அப்புறம் பவளம் நல்லா மூச்சை இழுத்துச்சு. வயிறு உப்புச்சு. காலு ரெண்டும் மேல போச்சு.

"ங்ங்ஙாஆஆ."

அந்த வார்டுல படுத்திருந்த பொம்பளைங்க எல்லாம் எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. கதவுக்கு வெளிய தூங்கிக்கிட்டிருந்த நாகலிங்கம் செவத்துல இடிச்சுக்கிட்டு ஓடியாந்தான். ஒரு நர்ஸம்மா பழக்கதோசத்துல தூக்கித் தட்டிக் குடுக்க வந்தாங்க. தையல்நாயகி கைய நீட்டி மறிச்சுட்டா.

"அழட்டும். யாரும் சமாதானம் பண்ணாதீங்க. நல்லா அழட்டும்."

அழுதுச்சு. நல்லா அழுதுச்சு. அஞ்சுகம் அந்தச் சத்தத்தைத் தன் தோல் மேல மழை மாதிரி விட்டுக்கிட்டு உக்காந்திருந்தா.

ஊசி மருந்தும் வந்து சேந்துச்சு. அம்மாவுக்கும் போட்டாங்க, புள்ளைக்கும் போட்டாங்க. அஞ்சுகத்துக்கு மறுபடி பால் குடுக்கச் சொன்னாங்க. காலுதான் மெதுவா வந்துச்சு. ஆஸ்பத்திரித் தோட்டத்துல தையல்நாயகி தோளைப் பிடிச்சு நடந்து நடந்து பழகினா. பருப்பு, முருங்கக்கீரை, அவிச்ச முட்டை எல்லாம் தையல்நாயகியே தட்டுல வச்சா. வச்சுட்டு, அவ தின்னு முடிக்கிற வரைக்கும் அங்கயே நிப்பா.

ஒரு நாளு அஞ்சுகம் டாக்டரம்மாகிட்ட கேட்டா, "இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்குங்க? தெரியாமத் தொலைச்சுடுறது?"

டாக்டரம்மா கையில இருந்ததைக் கீழ வச்சாங்க. "ரொம்ப இருக்கும்மா. நம்ம ஒடம்பு பெரிய கெட்டிக்காரி. நீங்க சோறு தின்னா அதைச் சூடாக்கிக்கும், ஓட்டமாக்கிக்கும், மிச்சத்தைக் கொழுப்பாக்கிச் சேத்து வச்சுக்கும். பருப்பையும் மீனையும் பிரிச்சுப் போட்டு, அதையே சதையாக் கட்டிக்கும். ஆனா சிலது மட்டும் அதால செய்யவே முடியாது. எவ்வளவு கெட்டிக்காரியா இருந்தாலும் கைய விரிச்சுடும். அது வாய் வழியாத்தான் வந்தாகணும்."

"என்னென்னங்க அது?"

"முருங்கக்கீரையிலயும் பப்பாளியிலயும் ஒண்ணு இருக்கு. அது இல்லாத கொழந்தைக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியாது. வெளக்கு இருந்தும் தடவும். நெல்லிக்காயில ஒண்ணு இருக்கு. அந்தக் காலத்துல மாசக்கணக்கா கடல்ல போனவங்க பழமோ காயோ இல்லாம, ஈறுல ரத்தம் வடிஞ்சு செத்திருக்காங்க. கரைக்கு வந்து எலுமிச்சை சாறு குடிச்சவங்க பொழச்சிருக்காங்க. உங்க ரத்தம் செவப்பா இருக்கே, அது இரும்பு. கீரையில, ஈரல்ல, எள்ளுல இருக்கு."

"இரும்பா? நம்ம ஒடம்புலயா?"

"ஆமா. எல்லாத்தையும் சேத்தா ஒரு ஆணி செய்யலாம், அவ்வளவுதான். ஆனா அது கொறஞ்சா மாடிப்படி ஏற மூச்சு வாங்கும். எலும்பு சுண்ணாம்புச்சத்துல கட்டினது. உங்க ஊருக் கேப்பையில அது நெறைய இருக்கு. அந்தச் சுண்ணாம்பை எலும்புல சேக்குறதுக்கு ஒண்ணு வேணும். அது எங்க கெடைக்குது தெரியுமா? வெயில்லருந்து நம்ம தோலே செஞ்சுக்குது."

அஞ்சுகம் தன் கைய வெயில்ல நீட்டிப் பாத்தா. வளையல் போட்ட சாதாரணக் கை. வெயிலு பட்டுச்சு. உள்ள என்னமோ நடக்குது, தனக்குத் தெரியாமலே, இத்தனை வருசமா. தான் சின்னப் புள்ளையா இருந்து, களி தின்னு, கொல்லையில ஓடி வெளையாடுனப்பெல்லாம் அந்த எலும்பு தன்னால கட்டிக்கிட்டே இருந்திருக்கு. யாரும் அவகிட்ட சொல்லல. அவளுக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. சாமி முன்னால நிக்கும்போது வருமே, அந்த மாதிரி.

"ஒரே சாப்பாட்டுல இதெல்லாம் இருக்காதுங்களா?"

"இருக்காது. அதான் தட்டுல நாலு வகை வேணும். ராஜா சாப்பாடு வேண்டாம். கூலிக்காரங்க வீட்டுல கூழு, ஒரு கையளவு கீரை, கொஞ்சம் கருவாடு, வேர்க்கடலை இருந்தாப் பாதி வந்துடும்."

அப்புறம் எல்லாரும் வீடு வந்து சேந்தாங்க. நாகலிங்கம் என்ன பண்ணினான் தெரியுமா? மில்லுல ஒரு தடவைக்கு மேல தீட்ட மாட்டேன்னுட்டான். நெல்லு கொண்டு வர்றவங்க மொணகினாங்க. "அரிசி பழுப்பா இருக்கே, பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு இதையா போடுறது?"ன்னு சிலபேரு வேற ஊரு மில்லுக்குப் போயிட்டாங்க. அவனுக்கு வருத்தம்தான். ஆனா மறுபடி மூணு தடவை தீட்டல. கேட்டவங்களுக்கெல்லாம், "எம் புள்ள பேசாமப் போச்சுங்க, அதான்"னு மட்டும் சொல்வான்.

தையல்நாயகி பேச்சைக் கொறச்சுக்கிட்டா. ஊருல யாருக்காவது புள்ள பொறந்துச்சுன்னு கேள்விப்பட்டா, ஒரு கிண்ணத்துல பருப்பும் கீரையும் கடைஞ்சு எடுத்துக்கிட்டுப் போயி, "சூடு ஆறுறதுக்குள்ள தின்னுடு தாயி"ன்னு குடுத்துட்டு வருவா. அந்த வீட்டு மாமியாருங்க பத்தியம்னு ஆரம்பிச்சா, "எனக்கும் தெரியும் பத்தியம்"னு சொல்லிட்டு உக்காந்துக்குவா. புள்ள பெத்தவ தின்னு முடிக்கிற வரைக்கும் எந்திரிக்க மாட்டா.

"ம்..."

தூக்கம் வந்துடுச்சா? இன்னும் கொஞ்சம்தான்.

அப்போ பவளத்துக்கு மொத மொதலா சோறு ஊட்டுற நாளு வந்துச்சு. அஞ்சுகம் வீட்டு முத்தத்துல காலை நீட்டி உக்காந்துக்கிட்டா. கீழ உக்காரவும் எந்திரிக்கவும் இப்பெல்லாம் அவளுக்கு யாரு கையும் வேண்டாம். புள்ளைய மடியில வச்சுக்கிட்டு, ஒரு தடவை தீட்டுன அரிசிச் சோத்தைக் கொழையக் கொழைய மசிச்சா. பாசிப்பருப்பு சேத்தா. கீரைத் தண்ணி ஊத்துனா. ஒரு சொட்டு நெய்யி விட்டா. கட்டை வெரல் நுனியளவு ஒரு உருண்டை.

வாய்கிட்ட கொண்டு போறதுக்கு முன்னாடி, அவ அந்த உருண்டையப் பாத்தா. பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு துளி சோறு. இதுக்குள்ள எம் பொண்ணோட எலும்பு இருக்கு. அவ ரத்தம் இருக்கு. பொழுது சாஞ்சப்புறம் அவ பாக்கப் போற வழி இருக்கு. அவ ஓடப் போற ஓட்டம், பேசப் போற பேச்சு எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு. அஞ்சுகம் அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, வாயில வச்சா.

பவளம் மூஞ்சியச் சுளிச்சு, தூன்னு துப்பிட்டா.

இன்னொரு உருண்டை வச்சா. நாக்கால தள்ளித் தள்ளி, அதையும் புஸ்ஸுன்னு துப்பிட்டா. அஞ்சுகம் சேலையெல்லாம் கீரை. தையல்நாயகி கதவு நெலையப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா, நாகலிங்கம் எட்டிப் பாக்குறான்.

அப்புறம் மூணாவது உருண்டை. பவளம் அதை வாயிலயே வச்சுக்கிட்டு அம்மாவை உத்துப் பாத்தா. அங்கயும் இங்கயும் உருட்டினா. யோசிச்சா. அப்புறம் அந்தச் சின்னத் தொண்டை ஒரு தடவை ஏறி எறங்குச்சு. களுக்.

உள்ள போயிடுச்சு.

பவளம் வாய மூடிக்கிட்டா. கதையும் வாய மூடிக்கிச்சு. நீ கண்ண மூடிக்க.